ரெண்டு குழாய்

உள்ள வா தாயி. அந்த மூட்டையில உக்காராத, அது மிளகா வத்தல், எந்திரிச்சப்பறம்தான் வேலையக் காட்டும். ஸ்டூலு கெடக்குல்ல, அதுல உக்காரு. கரண்டு போயிருச்சு, மிசினு ஓடல. அதனாலதான் உங்கூடப் பேச எனக்கு நேரமிருக்கு. இல்லாட்டி மாவு மில்லுல எவளுக்கு நின்னு பேச நேரம்?

சர்வேன்னா எந்தக் கட்சி சர்வே? எந்தக் கட்சியும் இல்லையா? ஒரு கட்சியும் அனுப்பாம ஒருத்தி இந்த வெயில்ல வீடு வீடா ஏறி எறங்குவாளா? காலேஜுல சொல்லி வந்திருக்கேங்கிற. சரி, அந்தக் காலேஜு யாருது? தெரியலயா. பாத்தியா, ஒனக்கே தெரியல. யாரோ எங்கயோ இருந்து அனுப்புறான், நீ புள்ள, ஒனக்கு என்ன தெரியும். அந்த டேப்லெட்டுப் பலகையக் கவுத்து வையி. ரெக்கார்டு ஆகலன்னு நீ சொல்ற, எனக்கு எப்படித் தெரியும்? கவுத்து வச்சா எனக்கு ஒரு நிம்மதி. பேரும் எழுதாத. பேரு எழுதலைன்னா பேசுறேன்.

வாசல்ல கொடிக்கம்பத்தைப் பாக்குற. அது கட்சிக்காரங்க நட்டது. கொடி கிழிஞ்சு போயி நாளாச்சு, ஒரு கயித்தைக் கட்டித் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். அத வச்சு நீயா எதையும் முடிவு பண்ணிக்காத.

கேள்விய இன்னொருக்கா சொல்லு. ஓட்டுப் போடும்போது கட்சியப் பாப்பீங்களா, ஆளப் பாப்பீங்களா. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? கட்சியத்தான். எனக்கு ஓட்டு வந்த நாள்லருந்து ஒரே சின்னம். யாரு நிக்கிறான்னு நான் பாத்ததே இல்ல. பாத்தா சங்கடம். ஒருத்தன் மூஞ்சி நமக்குப் பிடிக்காது. ஒருத்தன் பொண்டாட்டிய அடிக்கிறவன்னு காதுல விழும். சின்னத்தைப் பாத்து அமுக்கிட்டு வந்துட்டா அந்தத் தொந்தரவே இல்ல. ஆளு மாறுவான் தாயி. இன்னைக்கு இங்கிட்டு, நாளைக்கு அங்கிட்டு. ஆளை நம்பிப் போட்டுட்டு அவன் தாவிட்டான்னா ஒன் ஓட்டு எங்க போயி நிக்கும்? கட்சி எங்கயும் போகாது.

நான் சும்மா பேசலைன்னு தெரிஞ்சுக்க. நானே நின்னவ. ஆமா, போன பேரூராட்சித் தேர்தல்ல இதே வார்டுல நின்னேன். நம்ப மாட்டேங்கிற பாரு. மாவு படிஞ்ச மூஞ்சியோட ஒருத்தி நின்னா வேட்பாளர் மாதிரித் தெரியாதுதான்.

இந்தத் தெருவுல ரெண்டு சீனியம்மா. நான் மில்லு சீனியம்மா. எதிர்வரிசையில அந்த நீலக் கதவு தெரியுதா, அவ தையல் சீனியம்மா. ரெண்டு பேரும் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. எம் புருசன் முத்துக்கருப்பன், அவ புருசன் முருகையா. ரேசன் கடையில ரெண்டு பேருக்குமே மு. சீனியம்மாள். மில்லா தையலான்னு கேட்டுத்தான் அரிசி போடுவான். தெருவுல ஒருத்தரும் இதுவரை மாத்திக் கூப்பிட்டதில்ல. பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவ எப்பவும் என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவா. எம் மகளுக்குத் தலைப்பிரசவத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவ அவதான். அதெல்லாம் இல்லைன்னு சொல்லல. ஆனா எதுக்கு வந்தா? அத நான் அப்ப யோசிக்கல, இப்பதான் யோசிக்கிறேன். ஒருத்தி காரணமில்லாம இம்புட்டு உதவி செய்வாளா?

மில்லு முக்குல ஒரு அடிகுழாய் இருந்துச்சு. நல்ல தண்ணி. அது ரெண்டு கோடைக்கு ரிப்பேராக் கெடந்துச்சு. நாங்க எல்லாரும் லாரி வரும் வரும்னு குடத்தோட நிப்போம். இவ ஒருநாளு காலிக்குடத்தை எடுத்துக்கிட்டு நேரா பேரூராட்சி ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டா. தையல் மிசினைப் போட்டுட்டுப் போயி, தெனம் போயி உக்காந்தா. கடைசியில வந்து சரி பண்ணிக் குடுத்தாங்க. கூட யாரும் போகல. நானும் போகல, மில்லை யாரு பாக்குறது? மொதக் குடம் தண்ணிய எனக்குத்தான் பிடிச்சுக் குடுத்தா. குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். யாரோ பின்னாடி இருந்து இவளை இயக்குறாங்கன்னு.

நெனச்சது மாதிரியே ஆச்சு. தேர்தல் அறிவிச்ச ஒடனே, பொம்பளைக்கு ஒதுக்குன வார்டுன்னு சொன்ன ஒடனே, மொத நாளே போயி மனு குடுத்துட்டா. சுயேச்சை. தெருவே அவ பின்னாடி நின்னுச்சு. எங்கிட்டயும் வந்தா. இதே எடத்துல நின்னு, "அக்கா, இந்த ஒரு தடவை கட்சிய விட்டுருங்க. கட்சியா வந்து குழாய அடிக்கப் போகுது, மனுசிதானே அடிக்கணும்"னா. பேச்சைப் பாரு. எதிர்க்கட்சிக்காரன் ஓட்டைப் பிரிக்க எறக்கி விட்டுருக்கான்னு எனக்குத் தெரியாதா? அவன் கரைவேட்டி கட்டி வர மாட்டான். இப்படித்தான் தையல் மிசின்லருந்து எந்திரிச்சு வருவான்.

அதுக்கு ரெண்டாம் நாளு எங்க பேரூர் செயலாளர் வைரமணி இங்க வந்தாரு. தாயி, எம் புருசன் முப்பது வருசம் அந்தக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுன ஆளு. நான் எத்தனை மாநாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கிட்டு வேன்ல போயிருக்கேன். ஒரு நாளும் ஒரு செயலாளரும் இந்த மில்லுக்குள்ள கால வச்சதில்ல. அன்னைக்கு வந்தாரு. வெள்ளை வேட்டியோட வந்து இந்த மாவுல, நீ இப்ப உக்காந்திருக்கியே, அதே ஸ்டூல்ல உக்காந்தாரு. நான் தொடைக்கிறதுக்குள்ள உக்காந்துட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"அக்கா, கட்சி உங்கள மறக்கலக்கா. நீங்க நிக்கணும்"னாரு.

நம்ம கட்சியில காண்ட்ராக்டர் பொண்டாட்டி புஷ்பலதா நிக்கிறதா முடிவாகியிருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா, மனு தள்ளுபடி ஆயிட்டா, கட்சி அநாதையாயிரக் கூடாதுல்ல. அதுக்கு மாத்து வேட்பாளர்னு ஒருத்தர வைப்பாங்களாம். ரொம்ப நம்பிக்கையான ஆளத்தான் வைப்பாங்களாம். அது நான். கேட்டுக்க, தெருவுல எத்தனை பேரு இருக்கும்போது, நான்.

டெபாசிட்டு கட்சியே கட்டிருச்சு. ஃபாரம் எல்லாம் அவரே எழுதிக்கிட்டு வந்தாரு. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். எம் புருசன் இருக்காரே, அவரு எதுக்குமே வாயத் தொறக்காத மனுசன், அன்னைக்குப் பாத்து ஒண்ணு சொன்னாரு. பேருக்கு முன்னாடி மில்லுன்னு சேத்து எழுதுங்க, இல்லைன்னா ஆளு தெரியாதுன்னாரு. வைரமணி சிரிச்சாரு. "மில்லு, கில்லு எல்லாம் எதுக்கு மாமா? வெறும் பேருதான் கம்பீரமா இருக்கும்"னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் எம் பேரு மொட்டையா, முழுசா, அழகா எங்கயும் வந்ததில்ல. வேட்பாளர் பட்டியல்ல வரும்போது மில்லு ஒட்டிக்கிட்டு வரணுமா?

புஷ்பலதா மனுவ நல்லபடியா ஏத்துக்கிட்டாங்க. வாபஸ் வாங்குற கடைசி நாளும் போயிருச்சு. அப்ப நான் எதுக்குன்னு கேட்டேன். இருங்கக்கா, இருக்கட்டும்னாரு. இருந்தேன்.

அப்பறம் சின்னம் குடுத்தாங்க. இங்கதான் நீ கவனமாக் கேக்கணும், ஏன்னா இங்கதான் அவ யாருன்னு தெரியுது. மாத்து வேட்பாளருக்குக் கட்சிச் சின்னம் கெடையாதாம், நானும் சுயேச்சைதானாம். சுயேச்சைக்குன்னு ஒரு சின்னப் பட்டியல் இருக்கு. அதுல தையல் மிசின் இருக்கு. நீயே சொல்லு, தையக்காரி என்ன கேக்கணும்? தையல் மிசினைத்தானே கேக்கணும்? இவ கேட்டது அடிகுழாய். எனக்கு வந்தது தண்ணிக் குழாய், இந்தத் திருகுற குழாய். எனக்கு என்ன வேணும்னு வைரமணியே ஃபாரத்துல எழுதியிருந்தாரு. நீங்கதானக்கா எப்பவும் தண்ணி தண்ணின்னு பேசுவீங்க, அதான்னாரு. இப்பப் பாரு. எம் பேரு, என் இனிசியல், அதோட குழாயும். அவளும் குழாய். எங்கூட ஒட்டிக்கிறதுக்கு எடுத்ததா இல்லையா? அவ முந்தி மனு குடுத்தவதான், ஒத்துக்கிறேன். முந்தியே யோசிச்சு வச்சிருக்கா.

ஓட்டு மிசின்ல பேரு ஒட்டுனாங்க பாரு, மேல கட்சிக்காரங்க. கீழ சுயேச்சைங்க. மு. சீனியம்மாள், அதுக்கு நேர் கீழ மு. சீனியம்மாள். ஒரு குழாய், கீழ இன்னொரு குழாய். போட்டோ கீட்டோ ஒண்ணும் கெடையாது. அவ ஆளுங்க தெருத்தெருவாப் போயி, குழாய்ல போடுங்க, சீனியம்மாளுக்குக் குழாய்ல போடுங்கன்னு கத்துனாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எம் பேரை எனக்காகச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. நடுவுல ஒருநாளு அவளே கெழவிங்களுக்கெல்லாம் அடிகுழாய் படத்தைக் காட்டி, கையி இருக்கும் பாருங்க, நீளமாக் கையி இருக்கும், கையுள்ளதுல போடுங்கன்னு சொல்லிக்கிட்டுப் போனா. தொண்டை கட்டிப் போயி, குரலே வரல. நான் சுக்குப்பொடி குடுத்தேன். வாங்கிக்கிட்டா. அப்பவும் அக்கான்னுதான் சொன்னா.

நானா? நான் எனக்கு ஓட்டுக் கேக்கல. நீங்க வெளிய வர வேண்டாம்க்கா, புஷ்பலதாவுக்குக் கேளுங்கன்னு செயலாளர் சொல்லிட்டாரு. நானும் அந்தப் பொண்ணுகூட ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனேன். நம்ம சின்னத்துல போடுங்கன்னு கும்பிட்டேன். மேட்டுத்தெருவுல ஒரு கெழவன், ஏத்தா, நீயும்தான நிக்கிற, அப்பறம் எதுக்கு இவளுக்குக் கேக்குறன்னு கேட்டான். அரசியல் தெரியாத மனுசன். ஓட்டுப் போடுற அன்னைக்கும் எனக்கு நானே போடல தாயி. உள்ள போனேன், எம் பேரைப் பாத்தேன், கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம் மேல இருக்குற நம்ம சின்னத்தை அமுக்கிட்டு வந்துட்டேன். பழகுன கை. அது வேற எங்கயும் போகாது.

எண்ணுனாங்க. புஷ்பலதா ஜெயிச்சுருச்சு. தையல்காரி முப்பத்தொரு ஓட்டுல தோத்தா. எனக்கு எழுபத்தெட்டு ஓட்டு.

எழுபத்தெட்டு. ஓட்டே கேக்காத எனக்கு. எம் புருசன் எந்தப் பட்டனை அமுக்குனாருன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. மக உள்ளூர்ல இல்ல. அப்ப யாரு அந்த எழுபத்தெட்டு பேரு? எனக்குத் தூக்கமே வரல. மில்லுக்கு வர்றவ ஒவ்வொருத்தியையும் பாப்பேன், இவளா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு. சந்தேகப்பட்டுக்கிட்டே மாவு அரைச்சுக் குடுப்பேன். ஒருத்தியும் சொல்லல. இதுல இன்னொண்ணு யோசிச்சுப் பாரு. வெளிய தெரிஞ்சது எழுபத்தெட்டு. எனக்குன்னு நெனச்சுக்கிட்டு எத்தனை பேரு மாத்தி அந்த அடிகுழாயில அமுக்கியிருப்பாங்க? அவளுக்கு விழுந்த ஓட்டுல எம்புட்டு என்னோடது? இதுக்கு யாரு கணக்குச் சொல்லுவா? எம் பேருல ஓட்டு வாங்கிட்டுப் போயிட்டா. அதுதான் எனக்கு ஆறல.

வெற்றிக் கூட்டத்துக்குப் போனேன். மேடையில ஏத்தல, முன்வரிசையில உக்கார வச்சாங்க. புஷ்பலதாவுக்கு ஆளுயர மாலை. வைரமணி மைக்கைப் பிடிச்சு, "இந்த வெற்றிக்குக் காரணம் யாரு தெரியுமா? அதோ உக்காந்திருக்காங்களே, நம்ம குழாயக்கா"ன்னாரு. மேடையில இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. கீழ இருந்தவங்களும் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. நானும் எந்திரிச்சுக் கும்பிட்டேன். சந்தோசமான நேரம், சிரிக்கத்தான செய்வாங்க. ஒரு சால்வை போட்டாங்க. அந்தா, மிசினு மேல போத்தியிருக்கேன் பாரு, அதுதான்.

மறுநாளு தண்ணி பிடிக்கப் போனா, குழாயடியில அவ நிக்கிறா. அழுத கண்ணு, வீங்கிக் கெடந்துச்சு. நான் சண்டைக்குத் தயாராத்தான் போனேன். அவ சண்டை போடல. எங் குடத்தை வாங்கி அவளே அடிச்சா. குடம் நிறைஞ்சுச்சு. அப்பறம், "அக்கா, அந்தச் சின்னத்தை நீங்களாக் கேட்டீங்களா?"ன்னா.

"கட்சி கேட்டுச்சு"ன்னேன்.

"நீங்க கேக்கலைல்ல?"ன்னா.

இல்லைன்னேன். தலைய ஆட்டிக்கிட்டா. குடத்தைத் தூக்கி என் இடுப்புல வச்சு விட்டா. எதுக்கு அப்படிச் செஞ்சா? திட்டியிருந்தா நான் ரெண்டு பேச்சுப் பேசியிருப்பேன், முடிஞ்சிருக்கும். எதுக்கோ அடி போடுறான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் வரல. அன்னைலருந்து அவ இங்க அரைக்க வர்றதும் இல்ல. பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போயி அரைச்சுக்கிட்டு வர்றா. அந்த வெயில்ல சட்டியத் தலையில வச்சுக்கிட்டு இந்த வாசலைத் தாண்டித்தான் போறா. அங்க என்ன, மாவு வெள்ளை வெளேர்னு வருதா? இருபது வருசமா எங்கிட்ட அரைச்சவ. அவ வீட்டு மாவு எந்தப் பதத்துல வேணும்னு எங் கைக்குத் தெரியும். அவ வந்து ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல. இந்த வாசல்ல சட்டிய வச்சுட்டுப் போனாப் போதும்.

என்ன பாக்குற. மிளகாநெடி. கண்ணு எரியுது.

அப்பறம் என்ன ஆச்சா? ஆறு மாசத்துல புஷ்பலதா வார்டுக்கு நல்லது பண்ணுது, தெருவுக்குப் பேவர் கல்லு பதிக்குது. காண்ட்ராக்டு அவ புருசனுக்குத்தான். யாருக்காவது குடுத்துத்தான ஆகணும். கல்லு பதிக்க அடிகுழாய் எடைஞ்சலா இருக்குன்னு பிடுங்கிட்டாங்க. குழியை மூடி அது மேலயும் கல்லு. வெளிய போகும்போது பாரு, அங்க மட்டும் கல்லு கொஞ்சம் வேற நெறமா இருக்கும். நான் வைரமணிக்குப் போன் போட்டேன். எடுக்கல. வீட்டுக்குப் போனேன். வெளியூர் போயிருக்காருன்னாங்க. உள்ள அவரு தும்முற சத்தம் கேக்குது. எனக்குத் தெரியாதா அந்தத் தும்மலு, இதே மில்லுல தும்முன மனுசன்.

போன மாசம் தெரிஞ்சுச்சு. வைரமணி அங்கிட்டுப் போயிட்டாரு. எதிர்க்கட்சிக்கு. புஷ்பலதாவும் புருசனும் கூடவே போயிட்டாங்க. வார்டே அங்கிட்டுப் போயிருச்சு.

நீ சிரிக்காத. என்ன சிரிக்கலையா, சரி. நான் எந்தச் சின்னத்தை அமுக்குனேனோ அந்தச் சின்னம் இங்க எங்கூட இருக்கு, கம்பத்துல. அமுக்குன ஓட்டுதான் அங்கிட்டு ஒக்காந்திருக்கு. கட்சி போகலைல்ல? ஆளுதான போனான்? நான் அப்பவே சொன்னேன், ஆளு மாறுவான்னு.

தையல்காரி திரும்பவும் காலிக்குடத்தோட ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்துருக்கா. இன்னைக்கு நாலாவது நாளு. இப்பவும் அங்கதான் இருப்பா, நீ அந்தப் பக்கம் போனாப் பாப்ப. ஒத்தையில உக்காந்திருக்கா. நேத்து எம் புருசன் அவளுக்கு டீ வாங்கிட்டுப் போனாரு. எங்கிட்டச் சொல்லல, டீக்கடைக்காரன் சொன்னான். இந்த மனுசன் அமுக்குனது எந்தக் குழாய்னு எனக்கு இப்ப லேசா ஒரு சந்தேகம்.

தாயி, நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்குறேன். அந்தக் கூட்டத்துல குழாயக்கான்னு சொல்லவும் அம்புட்டுப் பேரும் எதுக்குச் சிரிச்சாங்க?

வேணாம். சொல்லாத. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஒனக்கும் தெரியாது.

எந்திரிச்சுட்டியா. அடுத்த தேர்தல்ல யாருக்குன்னு கேக்கலையே? அது வேற பக்கத்துல இருக்கா? கேக்க வேணாம், நானும் சொல்ல மாட்டேன். கட்சிதான். கட்சிதான்னு எழுது. இல்ல, இரு, அத எழுதாத. அதைக் காலியா விடு.

பேரு இல்லாம அனுப்ப முடியாதுங்கிற. அப்பவே நெனச்சேன், கடைசியில பேரு கேப்பன்னு. சரி, அதைத் திருப்பு, நான் பாக்குற மாதிரி எழுது. மு. சீனியம்மாள். நிறுத்து, நிறுத்து. முன்னாடி மில்லுன்னு போடு. கம்பீரமா இல்லாட்டிப் போகுது. நான் சொன்னதையெல்லாம் அவ பேருல யாரும் எழுதிறக் கூடாது. மில்லு மு. சீனியம்மாள். போட்டியா? எங்க, காட்டு.